ஆறு மணி ரவுண்டும் ஒரே குளுக்கோமீட்டரும்

கேள்வி: நான் செம்பூர் பக்கம் ஐம்பது படுக்கை உள்ள ஒரு நர்சிங் ஹோமில் ஸ்டாஃப் நர்ஸ். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். எங்கள் மெடிக்கல் வார்டுக்கு ஒரே ஒரு குளுக்கோமீட்டர்தான். காலை ஆறு மணி எச்ஜிடி ரவுண்டில் பன்னிரண்டு, பதினான்கு பேருக்கு விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்போம். எல்லாம் முடிந்ததும் ஸ்பிரிட் பஞ்சால் மீட்டரைத் துடைத்து வைப்போம். போன வாரம் ஒரு நோயாளியின் மகன், ஸ்ட்ரிப் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் காய்ந்த ரத்தக் கறையைப் பார்த்துவிட்டு வார்டே கேட்கும்படி சத்தம் போட்டார். இனிமேல் ஒவ்வொரு நோயாளிக்கும் நடுவில் ஸ்பிரிட்டால் துடைத்தால் போதும் என்கிறார் இன்சார்ஜ் சிஸ்டர். ஹைப்போவில் (பிளீச் கரைசலில்) முக்கி எடு என்கிறார் இன்னொரு சீனியர். ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் என்று தெரிந்தவர்களுக்குக் கடைசியாகத்தான் பார்க்கிறோம். அது போதாதா? நான் கான்ட்ராக்ட் ஸ்டாஃப். மேலே போய்ப் பேசினால் வேலை போய்விடுமோ என்று பயம். எனக்கே ஏதாவது தொற்றியிருக்குமோ என்றும் பயம்.
– ஒரு வாசகி, மும்பை

பதில் தருபவர்: மும்பை மருத்துவமனை ஒன்றின் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ்

சிஸ்டர், முதலில் உங்கள் இன்சார்ஜ், சீனியர் வழக்கில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. ஸ்பிரிட் போதாது. ஹைப்போவில் முக்கினால் மீட்டர் அன்றைக்கே செத்துவிடும். அந்த மகன் கத்திய விதம் உங்களுக்கு வலித்திருக்கும், நியாயம்தான். ஆனால் அவர் கண்ணில் பட்ட விஷயம் சாதாரணமானது இல்லை.

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தத்தில், சாதாரண அறை வெப்பத்தில், குறைந்தது ஏழு நாள் தொற்றும் திறனோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தமே அதற்குப் போதும். ஹெச்ஐவி உடம்புக்கு வெளியே வந்தால் சீக்கிரம் வலுவிழந்துவிடும். பி அப்படி இல்லை. சர்க்கரை பார்க்கும் இடங்களில் தொற்று பரவிய கதைகளை எடுத்துப் பார்த்தால் திரும்பத் திரும்ப அதன் பெயர்தான் வரும். 1990 வாக்கிலேயே கலிஃபோர்னியாவில் ஒரு மருத்துவமனையில், ஸ்பிரிங் வைத்த விரல் குத்தும் கருவியால் நோயாளிகளுக்கு இது பரவியது. அதைவிட மோசமானது 2010-இல் வட கரோலினாவில், முதியவர்கள் தங்கியிருந்த ஓர் இல்லத்தில் நடந்தது. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரைக்குள் எட்டுப் பேருக்கு ஹெபடைடிஸ் பி. அதில் ஆறு பேர் இறந்துபோனார்கள். ஊழியர்கள் கையால் சர்க்கரை பார்த்துக்கொண்ட பதினைந்து பேருக்குள்தான் அந்த எட்டுப் பேரும் இருந்தார்கள். அதே கூரையின் கீழ் இருந்து, சர்க்கரை பார்க்காத மற்றவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. விசாரித்தபோது தெரிந்தது இரண்டு தப்பு: ஒருவருக்கு மட்டும் என்று எழுதியிருந்த லான்செட் (விரல் குத்தும் சிறு ஊசி) பேனாவைப் பலருக்கும் போட்டிருந்தார்கள், மீட்டரை ஆளுக்கு ஆள் நடுவில் சுத்தம் செய்யவில்லை.

'நம்ம ஊரில் இப்படி எதுவும் கேள்விப்பட்டதில்லையே' என்று உங்கள் மேட்ரன் கேட்கலாம். கேள்விப்படாததற்குக் காரணம் இருக்கிறது. இந்த வைரஸ் உள்ளே போய் மஞ்சள் காமாலையாக வெளியே தெரிவதற்கு இரண்டு மாதத்திலிருந்து ஐந்து மாதம் ஆகும். அதற்குள் நோயாளி டிஸ்சார்ஜ் ஆகி, வீட்டுக்குப் போய், ஊருக்குப் போய், ஒரு பல் பிடுங்கி, இரண்டு இடத்தில் ஊசி போட்டிருப்பார். பலருக்கு அறிகுறியே வராது. அறிகுறி வந்தவரும் வெளித் தண்ணீரையும் பானிபூரியையும்தான் திட்டுவாரே தவிர, உங்கள் ஆறு மணி ரவுண்டை நினைத்துக்கூடப் பார்க்கமாட்டார்.

பாசிட்டிவ் நோயாளிக்குக் கடைசியாகப் பார்க்கிறோம் என்கிறீர்கள். நல்லெண்ணம்தான். ஆனால் காலை ரவுண்டில் கடைசியாக இருந்தவருக்கு அடுத்த ஆள் யார்? மதிய ரவுண்டின் முதல் ஆள். நடுவில் ஆறு மணி நேரம் போயிருக்கிறது, ஏழு நாள் வாழும் வைரஸுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதைவிடப் பெரிய விஷயம், தெரிந்த பாசிட்டிவை நினைத்து நான் பயப்படுவதில்லை. தெரியாதவரை நினைத்துத்தான் பயம். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி இந்தியாவில் ஹெபடைடிஸ் பி உள்ளவர்கள் ஏறக்குறைய மூன்று கோடி. பெரும்பாலோருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. குழந்தைகளுக்கான இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் இந்தத் தடுப்பூசி நாடு முழுக்க வந்தது 2011 வாக்கில்தான். உங்கள் வார்டில் படுத்திருக்கும் அறுபது வயதுச் சர்க்கரைக்காரர்களில் எத்தனை பேர் அதைப் போட்டிருப்பார்கள் என்று நீங்களே சொல்லுங்கள். அதனால் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று வரிசை வைக்காதீர்கள். எல்லோருக்கும் ஒரே முறை.

உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. விரலில் எதை வைத்துக் குத்துகிறீர்கள்? மீட்டர் டப்பாவோடு வரும் பேனாவில் ஊசியை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுக் குத்துகிறீர்கள் என்றால், இந்தப் பதிலின் மிச்சத்தைப் படிக்குமுன் எழுந்துபோய் அந்தப் பேனாவை எடுத்து அப்புறப்படுத்துங்கள். ஊசி புதிதாக இருந்தாலும் விரலில் படுகிற மூடி பழையதுதான். அதன் உள்பக்கத்தில் ரத்தம் தெறித்து ஒட்டியிருக்கும். அந்தப் பேனாவைத் துடைத்துப் பொதுவில் பயன்படுத்தலாம் என்பதற்கு எந்த விதியும் இடம் தரவில்லை. அது ஓர் ஆளுக்கானது, அவ்வளவுதான். வார்டுக்கு வேண்டியது குத்தியதும் தானே உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும், மறுபடி குத்தவே முடியாத லான்செட். லான்செட் தீர்ந்துபோனால் இருபத்தாறு நம்பர் ஊசியால் குத்துகிற பழக்கம் நம்மிடம் உண்டு. தொற்று விஷயத்தில் அது பேனாவைவிடப் பரவாயில்லை, ஏனென்றால் ஊசி ஒருவருக்குத்தான். ஆனால் எவ்வளவு ஆழம் போகும் என்று கைக்குக் கணக்கு கிடையாது, உங்கள் விரலில் ஏறவும் வாய்ப்பு அதிகம். ஸ்டோருக்கு இன்டென்ட் போடும்போது ஸ்ட்ரிப் எத்தனையோ லான்செட் அத்தனை என்று சேர்த்தே போடுங்கள். குத்தியது எதுவானாலும் நேராக வெள்ளை நிற, குத்தினால் ஓட்டை விழாத டப்பாவுக்குள் போக வேண்டும். ரத்தப் பஞ்சு மஞ்சளுக்கு, கையுறை சிவப்புக்கு. மருத்துவக் கழிவுக்கான 2016 விதிகள் வந்து இத்தனை வருடம் ஆன பிறகும் கிட்னி டிரேயில் லான்செட்டும் பஞ்சும் ஒன்றாகக் கிடப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அதைப் பிரிக்கப் போகிற மௌசி (வார்டு ஆயா) வெறுங்கையோடு வருவார்.

சரி, மீட்டருக்கு வருவோம். ஸ்ட்ரிப்தானே ரத்தத்தைத் தொடுகிறது, மீட்டர் தொடவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. இப்போது வரும் ஸ்ட்ரிப்புகள் ரத்தத்தை நுனியில் உறிஞ்சிக்கொள்வதால் மீட்டரில் நேரே படுவது குறைவு என்பது உண்மை. ரத்தம் மீட்டருக்குப் போவது உங்கள் கையுறை வழியாக. விரலை அமுக்கிச் சொட்டு எடுக்கிறீர்கள், கையுறை நுனியில் துளி படுகிறது, அதே விரலால் மீட்டரைப் பிடிக்கிறீர்கள், பட்டனை அமுக்குகிறீர்கள், ஸ்ட்ரிப்பைப் பிடுங்குகிறீர்கள். அடுத்த கட்டிலில் அந்த மீட்டரைத் தொட்ட கையால் அடுத்தவர் விரலைப் பிடித்துக் குத்துகிறீர்கள், அங்கே இப்போது ஒரு புதுக் காயம் திறந்திருக்கிறது. வட்டம் முடிந்தது. ஒரே ஜோடி கையுறையோடு வார்டு முழுக்கச் சுற்றி வந்தால் அது உங்களைக் காப்பாற்றும், நோயாளியைக் காப்பாற்றாது. ஆளுக்கு ஒரு ஜோடி. கழற்றியதும் ஹேண்ட் ரப். ஸ்ட்ரிப்பைக் கையால் பிடுங்காமல் தள்ளிவிடும் பட்டன் உள்ள மாடலாக இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

இனி ஸ்பிரிட். இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்ல உங்களுக்கு ஆதாரம் வேண்டும் என்பதால் சொல்கிறேன்: அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ மீட்டர் தயாரிப்பாளர்களுக்கான குறிப்பிலேயே, 70 சதவீத எத்தனால் (ஸ்பிரிட்டில் இருக்கும் ஆல்கஹால்) ரத்தத்தில் பரவும் வைரஸ்களுக்கு எதிராகப் பலன் தராது என்று எழுதியிருக்கிறது. காரணத்தை உங்கள் வார்டிலேயே பார்க்கலாம். ஸ்பிரிட் பஞ்சால் மீட்டரைத் துடைத்துவிட்டு ஃபேனுக்குக் கீழே வையுங்கள். அரை நிமிடம்கூட ஈரம் நிற்காது. கிருமி சாகக் கொஞ்ச நேரம் அந்த ஈரத்தில் கிடக்க வேண்டும், அந்த நேரம் ஸ்பிரிட்டுக்குக் கிடைப்பதே இல்லை. போதாததற்கு ரத்தத்தின் புரதத்தை அது உறைய வைத்து அங்கேயே ஒட்டவைக்கும். அந்த மகன் பார்த்த பழுப்புக் கறை பல நாள் ஸ்பிரிட் குடித்த கறையாகவே இருக்கலாம்.

ஹைப்போ வேறு மாதிரி. அது வைரஸைக் கொல்லும், சந்தேகமில்லை. ஆனால் மீட்டருக்குள் தண்ணீர் போனால் ஸ்ட்ரிப் செருகும் துளையில் உள்ள மெல்லிய உலோகத் தொடுமுனைகள் அரித்துவிடும். அப்புறம் அது காட்டுகிற எண்ணை நம்பி இன்சுலின் போட முடியாது. சில மீட்டர்கள் எரர் காட்டி நின்றுவிடும், அது அதிர்ஷ்டம். நிற்காமல் தப்பான எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும் மீட்டர்தான் ஆபத்து.

அப்படியானால் எதால் துடைப்பது? இதற்கு என்னிடம் பதில் கிடையாது, உங்கள் மீட்டரின் கையேட்டில்தான் இருக்கிறது. தட்டிக்கழிக்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் மீட்டர் எந்தக் கிருமிநாசினியை, எத்தனை முறை துடைப்பதுவரை தாங்கும் என்று சோதித்துப் பட்டியல் கொடுக்க வேண்டும். மருத்துவமனைக்கென்று செய்த மீட்டர்களில் அந்தப் பட்டியல் இருக்கும். பெரும்பாலும் குவாட்டர்னரி அமோனியம் கலந்த வைப்ஸ் (கிருமிநாசினியில் நனைத்த துடைப்புத் தாள்), ஹைட்ரஜன் பெராக்சைடு வைப்ஸ், பிளீச் வைப்ஸ் இவற்றில் ஒன்றாக இருக்கும். நமது நர்சிங் ஹோம்களில் இருப்பது பெரும்பாலும் மெடிக்கல் ஷாப்பில் வீட்டு உபயோகத்துக்கு விற்கும் மீட்டர். அதன் கையேட்டில் 'ஈரத்துணியால் துடைக்கவும், ஒருவர் மட்டும் பயன்படுத்தவும்' என்று இருக்கும். அப்படி இருந்தால் விஷயம் முடிந்தது: அது பொது மீட்டராக இருக்கத் தகுதியில்லாதது. எப்படிக் கிருமி நீக்குவது என்று தயாரிப்பாளர் சொல்லாத மீட்டரைப் பகிரவே கூடாது என்பதுதான் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி வைத்திருக்கும் விதி. நான் எங்கள் மருத்துவமனையில் அதையே பின்பற்றுகிறேன்.

கையேடு தொலைந்துபோயிருக்கும், எனக்குத் தெரியும். மாதா மாதம் ஸ்ட்ரிப் விற்க ஒரு ரெப் வருவார் இல்லையா, அவரைப் பிடியுங்கள். 'இந்த மாடலைப் பல நோயாளிகளுக்குப் பயன்படுத்தலாமா, எந்தப் பொருளால், எத்தனை நிமிடம் ஈரமாக வைக்க வேண்டும்' என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில் வாங்கித் தரச் சொல்லுங்கள். வாயால் 'ஆமா சிஸ்டர், எதை வேணா போடுங்க' என்று சொல்பவர், எழுதித் தா என்றால் நெளிவார். அந்த நெளிவே உங்களுக்குப் பதில்.

துடைப்பது இரண்டு வேலை, ஒன்று இல்லை. முதல் வைப் ரத்தத்தையும் அழுக்கையும் எடுக்க. அதைப் போட்டுவிட்டு இரண்டாவது வைப் எடுப்பது கிருமியைக் கொல்ல. வாசலைக் கூட்டாமல் கோலம் போட்டால் மாவு எங்கே ஒட்டும்? அழுக்கின்மேல் கிருமிநாசினி தடவுவதும் அப்படித்தான். கறை தெரியாவிட்டாலும் இரண்டும் உண்டு.

செய்யும்போது மீட்டரின் துளை தரையைப் பார்க்கும்படி பிடியுங்கள். வைப்பில் ஈரம் சொட்டினால் முதலில் பிழிந்துவிடுங்கள். முன்பக்கத் திரை, பின்பக்கம், இரண்டு விளிம்பு. அப்புறம்தான் கவனமாகப் பார்க்க வேண்டிய இடங்கள் வருகின்றன: பட்டனைச் சுற்றியுள்ள பள்ளம், பேட்டரி மூடியின் இடுக்கு, துளையின் உதட்டைச் சுற்றி. துளைக்குள் எதையும் நுழைக்காதீர்கள், ஊசி முனையால் கறையைச் சுரண்டுகிற வேலையும் வேண்டாம். இரண்டாவது வைப்பால் துடைத்த பிறகு பளபளவென்று ஈரம் தெரிய வேண்டும், டப்பாவில் போட்டிருக்கும் நேரம் முழுக்கத் தெரிய வேண்டும். ஒரு பொருளுக்கு ஒரு நிமிடம், இன்னொன்றுக்கு இரண்டு, மூன்று. நடுவில் காய்ந்தால் மறுபடி துடைத்து நனையுங்கள். அப்புறம் தானாக நன்றாகக் காய விடுங்கள்.

இந்த இடத்தில் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். பதின்மூன்று நோயாளி, ஆளுக்கு இரண்டு நிமிடம் ஈரம் என்றால் இருபத்தாறு நிமிடம் மீட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பதிலேயே போய்விடும். ஆறு மணிக்கு எச்ஜிடி மட்டுமா? டெம்பரேச்சர், பிபி, ரத்த சாம்பிள், கத்தீட்டர் பையில் யூரின் அளவு, ஏழரைக்கு முன்னால் இன்சுலின், எட்டு மணிக்கு ஓவர் (அடுத்த ஷிஃப்டிடம் ஒப்படைப்பது), அதற்குப்பிறகு ஹார்பர் லைன் ரயில். இந்த நிமிடக் கணக்கைப் போடாமல் 'ஒவ்வொரு முறையும் கிருமி நீக்கவும்' என்று சுவரில் போஸ்டர் ஒட்டுவதால் ஒரு பயனும் இல்லை. ரவுண்டு முடிந்து ஒரு முறை துடைக்கும் பழக்கம் வந்ததே இந்த நெருக்கடியால்தான். அதை நர்ஸின் சோம்பேறித்தனம் என்று எழுதும் ஆடிட்காரர்களோடு நான் சண்டையே போட்டிருக்கிறேன்.

வழி இருக்கிறது: உங்கள் மீட்டர் பகிரத் தகுதியுள்ளதாக இருந்தால், அதே மாடலில் இன்னொரு மீட்டர். ஸ்ட்ரிப் ஒன்றேதான், அதனால் குழப்பம் இல்லை. முதல் மீட்டரால் ஒன்றாம் கட்டிலில் பார்க்கிறீர்கள், துடைத்து நனைத்து டிரேயில் வைக்கிறீர்கள். அது காயும் நேரத்தில் இரண்டாவது மீட்டரோடு இரண்டாம் கட்டில். அங்கே குத்தி, எழுதி, கையுறை மாற்றி வருவதற்குள் முதல் மீட்டர் தயார். மூன்று நிமிடம் கேட்கும் வைப்ஸ் என்றால் மூன்று மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.  ஸ்ட்ரிப் மொத்தமாக எடுத்தால் மீட்டரைச் சும்மாவே கொடுக்கும் கம்பெனிகளும் உண்டு, ரெப்பிடம் இதையும் கேளுங்கள்.

டிரேயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பல வார்டுகளில் ஒரே கிட்னி டிரேயில் மீட்டர், ஸ்ட்ரிப் டப்பா, ஸ்பிரிட்டில் ஊறிய பஞ்சு டப்பா, குத்திய லான்செட் எல்லாம் குடித்தனம் நடத்தும். சுத்தமானதற்கு ஒரு டிரே, துடைத்து ஈரமாக இருக்கும் மீட்டருக்குத் தனியாக ஒன்று. மீட்டரை நோயாளியின் படுக்கையில், சாப்பாட்டு மேசையில், உங்கள் ஏப்ரன் பாக்கெட்டில் வைக்காதீர்கள். அதனோடு வந்த துணிப் பையைத் தூக்கிப் போடுங்கள், அதை எந்தக் கிருமிநாசினியாலும் சுத்தம் செய்ய முடியாது. ஸ்ட்ரிப் டப்பாவைக் கட்டிலுக்குக் கட்டில் கொண்டுபோகாமல் டிராலியிலேயே வைத்து, குத்துவதற்கு முன், சுத்தமான கையால், ஒன்று மட்டும் எடுங்கள். பஞ்சை முன்கூட்டியே ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு வைக்கும் டப்பா கிருமிகள் சேரும் இடம். அப்படி வைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2010-லேயே சொல்லிவிட்டது.

அப்புறம் அந்த லியூக்கோபிளாஸ்ட், அதாவது ஒட்டும் துணிப் பட்டை. உங்கள் மீட்டரில் கண்டிப்பாக ஒரு துண்டு இருக்கும், 'மெடிக்கல் வார்டு' என்று பால்பாயின்ட் பேனாவால் எழுதி. அதன் ஓரம் சுருண்டு, பசை கறுத்து, அந்தப் பசையில் பல வாரங்களின் ரத்தமும் கைஅழுக்கும் சேர்ந்திருக்கும். என்னதான் துடைத்தாலும் துணிப் பட்டையின் அடியில் வைப்ஸ் போகாது. இன்றே உரித்துவிட்டு பெர்மனென்ட் மார்க்கரால் பின்பக்கம் எழுதுங்கள், அழிந்தால் மறுபடி எழுதுங்கள். எந்த வார்டுக்குப் போனாலும் நான் முதலில் தேடுவது அந்தப் பட்டையைத்தான்.

மும்பை மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை. ஸ்ட்ரிப் டப்பா மூடியைத் திறந்து வைத்தால் ஈரக்காற்று பட்டு ஸ்ட்ரிப் கெட்டு, அளவு தப்பாகக் காட்டும். துடைத்த மீட்டரும் ஜூலையில் நத்தை வேகத்தில் காயும். ஈரத்தோடு ஸ்ட்ரிப் செருகாதீர்கள். சந்தேகம் வந்தால் கன்ட்ரோல் சொல்யூஷன் (சர்க்கரை அளவு தெரிந்த சோதனைத் திரவம்) போட்டுச் சரிபாருங்கள். நோயாளியின் விரலும் அப்படித்தான்: ஸ்பிரிட் காயாமல் குத்தினால் சொட்டு நீர்த்துவிடும். அவர் அப்போதுதான் மாம்பழமோ மோசம்பியோ உரித்திருந்தால் ஸ்பிரிட் பஞ்சு அந்தச் சர்க்கரையை முழுசாக எடுக்காது, சோப்புப் போட்டுக் கழுவ வைத்துவிட்டுப் பாருங்கள்.

ஆளுக்கு ஒரு மீட்டர் என்று கேட்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சிறந்த வழி அதுதான். நிறையச் சர்க்கரை நோயாளிகள் வீட்டில் சொந்த மீட்டர் வைத்திருக்கிறார்கள். அட்மிஷன் ஆகும்போது கொண்டுவரச் சொல்லி, உங்கள் மீட்டரோடு ஒரு முறை ஒப்பிட்டுப் பார்த்து, ஸ்ட்ரிப் காலாவதித் தேதியையும் பார்த்துவிட்டு, பெயர் எழுதி அவர் லாக்கரில் வைத்துவிடலாம். டாக்டர் ஒப்புதலோடு செய்யுங்கள். பத்து நாள், பதினைந்து நாள் படுக்கப் போகிறவர்களுக்கு, டயாலிசிஸ் போகிறவர்களுக்கு இதை முதலில் செய்யலாம். அதே மூச்சில் இன்சுலின் பேனாவையும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஊசியை மாற்றினாலும் பேனாவை இருவருக்குப் போடவே கூடாது, ரத்தம் கார்ட்ரிட்ஜுக்குள் ஏறும்.

இப்போது மேலே பேசுகிற விஷயம். தனியாகப் போய் 'நாம் தப்புச் செய்கிறோம்' என்று சொன்னால் யாருக்கும் பிடிக்காது, கான்ட்ராக்ட் ஸ்டாஃப் சொன்னால் இன்னும் பிடிக்காது. அந்த மகன் போட்ட சத்தத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இன்சார்ஜ் சிஸ்டர் பெயரில், அவரைக் கூட வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதுங்கள்: நோயாளியின் உறவினர் புகார் செய்தார், மறுபடி வராமல் இருக்க இவை வேண்டும் என்று. கூடுதல் மீட்டர் இரண்டு, வைப்ஸ் டப்பா மாதத்துக்கு இத்தனை, பூட்டிக்கொள்ளும் லான்செட். யாருடைய தப்பு என்று ஒரு வரிகூட வேண்டாம். நர்சிங் ஹோம் மருத்துவமனைத் தரத்துக்கான என்ஏபிஹெச் சான்றுக்கு முயற்சி செய்துகொண்டிருந்தாலோ, இன்சூரன்ஸ் பேனலில் இருந்தாலோ, ஆடிட்டில் இது கேட்கப்படும் என்று ஒரு வரி சேருங்கள். முதலாளி டாக்டர்களுக்கு அந்த வரி சீக்கிரம் புரியும். மத்திய சுகாதார அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட தொற்றுத் தடுப்பு வழிகாட்டியையும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அதெல்லாம் நடக்கும்வரை இன்றிரவு என்ன செய்வது? கையேடு பிளீச்சை அனுமதித்தால், 5 சதவீத ஹைப்போ ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்து அன்றன்றைக்குக் கலந்து, நன்றாகப் பிழிந்த காஸ் துணியால் மேற்சொன்னபடி துடைக்கலாம். நேரம் முடிந்ததும் வெறும் தண்ணீர் தொட்டுப் பிழிந்த காஸால் ஒரு தடவை, இல்லாவிட்டால் பிளாஸ்டிக் வெளுத்து வெடிக்கும். பாட்டிலில் என்ன சதவீதம் என்று பார்க்காமல் கலக்காதீர்கள், 10 சதவீதமும் விற்கிறது. மீட்டர்மேல் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். கையேடு அனுமதிக்காவிட்டால் எமர்ஜென்சியிலிருந்தோ ஐசியுவிலிருந்தோ பகிரத் தகுதியுள்ள இன்னொரு மீட்டரைக் கேட்டு வாங்கி, அன்றைக்கு ரத்தம் எடுக்கிற நோயாளிகளின் சர்க்கரையை லேபிலேயே பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். குத்தல் எண்ணிக்கையாவது குறையும்.

இதைப் படிக்கும் நோயாளிகளின் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை: கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு. 'சிஸ்டர், புது லான்செட்தானே, மீட்டர் துடைத்ததா' என்று கட்டிலருகே மெதுவாகக் கேட்டாலே போதும். பதினான்கு நோயாளிக்கு ஒருத்தியாக ஓடுகிறவளிடம் வார்டு அதிரக் கத்தினால் அவள் அடுத்த கட்டிலில் இன்னும் அவசரப்படுவாள்.

கடைசியாக உங்கள் பயம். மீட்டரைத் தொட்டதால் மட்டும், கையுறையோடு, கையில் புண் இல்லாமல் இருந்தால், ஆபத்து மிகக் குறைவு. நோயாளிக்குக் குத்திய ஊசி உங்கள் விரலில் ஏறியிருந்தால் கதை வேறு. அப்படி எப்போதாவது நடந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு, விரலைப் பிழியாமல், அன்றே கேஷுவால்ட்டியில் போய்ப் பதிவு செய்யுங்கள். தடுப்பூசி போடாதவருக்கு பி-க்கான இம்யூனோகுளோபுலின் (உடனடிப் பாதுகாப்புத் தரும் ஊசி) தேவைப்பட்டால் 24 மணி நேரத்துக்குள் போடுவதுதான் நல்லது. ஒருவேளை அந்தப் பேனா விஷயம் உண்மையாக இருந்தால், பல நோயாளிகளுக்கு அதைப் போட்டிருந்தால், அதை மறைக்காமல் மெடிக்கல் சூப்பரின்டென்டென்டிடம் சொல்லியே ஆக வேண்டும். யாரை அழைத்து ஹெபடைடிஸ் பி, சி, ஹெச்ஐவி பரிசோதிப்பது என்று அவர்கள்தான் முடிவெடுக்க வேண்டும். அது உங்கள் தலையில் தனியாக விழ வேண்டிய பாரம் இல்லை.

உங்களுக்குத் தடுப்பூசி மூன்று டோஸ் முடிந்ததா? இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். முடித்த ஒன்றிரண்டு மாதத்தில் ஆன்டி-ஹெச்பிஎஸ் டைட்டர் (தடுப்பூசி பிடித்ததா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள், 10-க்கு மேல் இருந்தால் நிம்மதி. நிறைய நர்ஸ்கள் டிரெய்னிங்கில் இரண்டு டோஸோடு நின்றுவிடுகிறார்கள். விட்ட இடத்திலிருந்து தொடரலாம், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். 2018-இல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சுகாதாரப் பணியாளர்களுக்குத் தடுப்பூசி உண்டு. உங்கள் நர்சிங் ஹோம் போட்டுத் தராவிட்டால் சயான் மாதிரிப் பெரிய மாநகராட்சி மருத்துவமனையில் விசாரியுங்கள். டைட்டர் ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து உங்களிடமே ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள், கான்ட்ராக்ட் மாறும்போது பழைய இடத்தில் போய்க் கேட்டு அலைய வேண்டியிருக்காது.